வேணி சாய்ந்த தோள்

நவம்பர் 5, புதன்

இந்த டைரி ஜெசிந்தா மேடம் கொடுத்தது. போன வருடத்து டைரி. "தேதியைப் பாக்காதீங்க, நீங்களே எழுதிக்கிடுங்க" என்றார்கள். தினமும் தோள் வலிக்கு ஒரு எண் போடவேண்டும். வலியே இல்லை என்றால் பூச்சியம். தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. அன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்றும் எழுதவேண்டும். நான் ஆறாவது வரை படித்தவள். கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். பரவாயில்லை என்றார்கள். எண்களை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்களாம். மற்றது என் இஷ்டம்.

இன்றைக்கு வலி எட்டு.

ஆஸ்பத்திரியில் "முப்புடாதி, முப்புடாதி" என்று கூப்பிட்டார்களாம். அது என் பெயர் என்று உறைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மகள் வேணியைக் கொண்டுபோன இடத்திலெல்லாம் என்னை வேணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வரும் எல்லா அம்மாக்களுக்கும் பிள்ளை பெயர்தான் பெயர். கடைசியில் ஜெசிந்தா மேடம் உள்ளே இருந்து வந்து "வேணியம்மா, வாங்க" என்றதும் எழுந்துவிட்டேன். வேணிக்கு நாலு வயதில் இருந்து கை கால் பயிற்சி கொடுத்தவர்கள் அவர்கள். இப்போது இந்த ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார்கள். ஆவணியில் வேணி எங்களை விட்டுப் போனதை நான்தான் போனில் சொன்னேன். இன்றைக்கு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் இடது கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்கள். மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். தோள் எலும்புக்கு மேலே துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறதாம். மாத்திரையும் பயிற்சியும் பார்த்தாகிவிட்டது. இனி ஊசி போடலாம், இல்லை ஷாக்வேவ் என்று ஒரு மிஷின் வைக்கலாம், ரெண்டுக்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார். ஷாக் என்றதும் நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"கரண்டு ஷாக் இல்ல வேணியம்மா. தட்டுற மாதிரி அதிர்வு கொடுக்கும். அந்தச் சுண்ணாம்பு உடைஞ்சு கரையிறதுக்கு" என்றார்கள் மேடம்.

"எல்லாருக்கும் கேக்குமா?"

"நெறைய பேருக்குக் கேக்கும். எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்காரர் உடனே சரி என்றுவிட்டார். நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

எட்டு. பாத்திரம் கழுவினேன். தலை பின்ன முடியவில்லை. அள்ளி முடிந்துகொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூமாரி மதினி வந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. தை மாதம் வேணிக்குப் பெட்டி ஏற்றவேண்டும் என்று நினைவுபடுத்தத்தான் வந்தாள்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை எங்கள் வீடுகளில் கன்னியாகிவிடும். ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து, கன்னி மூலையில் உயரத்தில் பலகை அடித்து ஏற்றுவார்கள். அப்புறம் அது வீட்டுச் சாமி. வருடா வருடம் இறக்கி, துணி மாற்றிக் கும்பிடுவார்கள்.

"பெத்தவ உசுரோட இருந்தா அவதான் ரெண்டு கையாலயும் ஏத்தணும். வேற ஆளு ஏத்துனா தங்காது" என்றாள் மதினி. "கை இப்பிடி இருந்தா எப்பிடிட்டி ஏத்துவ? சீக்கிரம் வைத்தியம் பாரு."

"ஏத்தலைன்னா என்ன மதினி ஆகும்?"

"என்ன ஆகும்? அதுவரைக்கும் பிள்ள வாசல்லயே நிக்கும். உள்ள வரத் தெரியாது, வெளிய போகவும் தெரியாது."

வீட்டுக்காரர் கடைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தவர், செருப்பைப் போட்டபடி அப்படியே நின்றார். "பலகைய எறக்கி அடிக்கட்டுமா? இவ கைக்கு எட்டுற மாதிரி."

"தலைக்கு மேல இருக்கணும்டா சம்முகையா. சாமிய இடுப்பு உயரத்துலயா வைப்பாக?"

மதினி போன பிறகு வாசலைப் பெருக்கினேன். வலி எட்டு. கதவைச் சாத்தாமல் வைத்தேன். உள்ளே புழுக்கமாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

இன்றைக்கு மிஷின் வைத்தார்கள். தோளில் வழவழ என்று ஒரு ஜெல் தடவி, கைத்துப்பாக்கி மாதிரி இருப்பதை வைத்து அழுத்தினார்கள். டக் டக் டக் டக் என்று விடாமல் சத்தம். நம் தெருத் தறிச் சத்தம் மாதிரியே இருக்கிறது. வேணிக்குத் தறிச் சத்தம் என்றால் உயிர். அவர் தறியை ஓட்டிவிட்டால் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சிரிப்பாள். நான் அவளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையால் தறிக்கு நூல்தார் சுற்றுவேன். அவள் சிரிக்கும்போது எச்சில் என் தோள் வழியாக இறங்கும். துண்டு போட்டிருப்பேன். சில நாள் துண்டு போட மறந்துவிடும்.

"வலிக்குதா வேணியம்மா?"

"இல்ல மேடம்."

கொஞ்சம் கூட்டினார்கள்.

"இப்ப?"

"வலிக்கல."

இன்னும் கூட்டினார்கள். எலும்புக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பரவாயில்லையே, பெரிய ஆம்பளைகளே இதுல கத்துவாங்க" என்றார்கள் மேடம்.

ரெண்டு நாள் பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். தூக்க என்ன இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

தோள் முழுக்க நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய்விட்டது. அவர் பார்த்துப் பயந்து மேடத்துக்குப் போன் போட்டுவிட்டார். போனை என்னிடம் கொடுத்தார்.

"வேணியம்மா, வலிச்சா வலிக்குன்னு சொல்லணும். நீங்க சொல்றத வச்சுத்தான் நான் கூட்டணும், குறைக்கணும். எங்க ரொம்ப வலிக்குதோ அங்கதான் வைக்கணும். மிஷினுக்குக் கண்ணு கிடையாது. உங்க வாய்தான் அதுக்குக் கண்ணு."

சரி என்றேன்.

வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. வேணிக்குப் பேச வராது. நாம் பேசுவதும் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் என் முகம் புரியும். தூக்கும்போது நான் பல்லைக் கடித்தால் அவளுக்கு உதடு பிதுங்கிவிடும். அதனால் தூக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே தூக்குவேன். "வலிக்கலையே, எங்க ராசாத்தி பூ மாதிரில்ல இருக்கா" என்பேன். பதினேழு வயதுப் பிள்ளை. பூ மாதிரி இல்லை.

ஒன்பது.

நவம்பர் 19, புதன்

ரெண்டாவது தடவை மிஷின். குறைத்துத்தான் வைத்தார்கள். "வலிக்கி" என்று ஒருமுறை சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். எக்ஸ்ரேயைத் திரும்பப் பார்த்தார். நான் கேட்டேன், "இது பிள்ளையத் தூக்கித் தூக்கி வந்ததுதான டாக்டர்?"

நல்ல மனிதர்தான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. நாப்பது வயசுக்கு மேல, அதுவும் பொம்பளைங்களுக்கு, தானாவே இப்படிப் படியும். ஒரு வேலையும் செய்யாம வீட்டுல உக்காந்திருக்கவங்களுக்கும் வருது. பிள்ளையத் தூக்கினதாலன்னு மனசுல வச்சுக்காதீங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். மேடம் பின்னாலேயே வந்தார்கள். ஏதோ சொன்னார்கள். காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வைக்கவில்லை. அவர் கடையில் இட்லி வாங்கி வந்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தானா வந்ததாம்" என்றேன்.

"டாக்டருக்கு என்ன தெரியும்?"

"அவரு படிச்சவரு."

"எதுல வந்தா என்ன. ஒனக்காவது படத்துல தெரியிது" என்றார். படத்தைச் சுருட்டி உறைக்குள் போட்டார். "எனக்குப் படம் எடுத்தா ஒண்ணும் இருக்காது."

நவம்பர் 20, வியாழன்

பத்து.

நவம்பர் 21, வெள்ளி

பத்து.

நவம்பர் 24, திங்கள்

பத்து. வேணியின் சட்டைகளைத் துவைத்தேன். துவைத்துத்தான் இருந்தன. மறுபடி துவைத்தேன். எல்லாம் நானே தைத்தது. முன்பக்கம் முழுக்கத் திறக்கும். அவளுக்குக் கை மடங்கியே இருக்கும், நீட்டிச் சட்டைக்குள் விட முடியாது. அதனால் ஊக்கு, பட்டன் எதுவும் வைக்காமல் ஒட்டும் பட்டையாக வைத்துத் தைப்பேன். பிரித்தால் சர்ர் என்று சத்தம் வரும். அதற்கும் சிரிப்பாள்.

நவம்பர் 26, புதன்

மூன்றாவது தடவை.

"எங்க ரொம்ப வலிக்குது? விரல வச்சுக் காட்டுங்க" என்றார்கள் மேடம்.

காட்டினேன்.

"இங்கயா? போன தடவ மேல சொன்னீங்களே."

"எறங்கிருச்சு மேடம்."

வைத்தார்கள். டக் டக் என்று அது பாட்டுக்குத் தட்டியது. அவ்வளவாக வலிக்கவில்லை. "வலிக்கி" என்று நானே ரெண்டு மூன்று தடவை சொன்னேன். சொல்லச் சொன்னார்களே.

வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து கருவேப்பிலை உருவினேன். காற்று நன்றாக வந்தது.

எட்டு.

டிசம்பர் 2, செவ்வாய்

எட்டு. ரெண்டு போர்வை துவைத்துக் கொடியில் போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

எட்டு. ஒட்டடை அடித்தேன். தலை பின்னிக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

மதினி வந்தாள். பையைப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவாடை, பச்சைத் தாவணி, சட்டைத் துணி. பெட்டிக்குள் வைக்கவாம். நல்ல துணிதான். அவள் காதுத் தோட்டை விற்று வாங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். காது வெறுமையாக இருந்தது.

நான் வேண்டாம் என்றேன்.

"எதுக்குட்டி வேண்டாங்க?"

"அவளுக்கு இதெல்லாம் போட வராது மதினி. தாவணிய எப்பிடிச் சுத்துவ? கை நீளாது. சட்டைய மாட்டுறதுக்குள்ள அழுதுருவா. நான் அவ சட்டையவே வைக்கேன். காட்டன் சட்டை. நீலப்பூ போட்டது."

மதினி என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஏ கிறுக்கி. சாமியான பொறகு என்னட்டி கை மடங்கிக் கெடக்கும்? எல்லாப் பிள்ளையளும் மாதிரி நீட்டும் மடக்கும். ஓடும், ஆடும். பட்டு உடுத்தி நிப்பா என் மருமவ."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "நல்லா நீட்டி மடக்கி ஓடுனா அது என் வேணி இல்ல. அது யாரோ. யாரோ ஒருத்தியத் தூக்கி என் வீட்டுல எதுக்கு வைக்கணும்?" என்று கத்திவிட்டேன். கத்தும்போது கையை வேறு வீசியிருக்கிறேன்.

மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தாள். அது தலைக்கு மேலே நின்றது.

இறக்கிக்கொண்டேன். தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மதினி துணியைப் பையில் போட்டு, பையை இங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

எட்டு.

டிசம்பர் 10, புதன்

ஜெசிந்தா மேடம் டைரியை வாங்கி எண்களைப் பார்த்தார்கள். எட்டு, எட்டு, எட்டு. என்னைப் பார்த்தார்கள்.

"தலை பின்னிருக்கீங்க."

"ஆமா."

"யாரு பின்னிவிட்டது?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லாமல் பின்னலை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டேன்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். மார்பு வரை தூக்கி நிறுத்தினேன். அவர்கள் என் முதுகுப்பக்கம் வந்து விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார்கள். போன தடவை நான் காட்டிய இடத்தில் அழுத்தினார்கள். ஒன்றும் இல்லை. மேலே வந்தார்கள். நான் எவ்வளவு காலண்டரைப் பார்த்தாலும் உடம்பு துள்ளிவிட்டது.

"பாதி கொறஞ்சிருக்கு. மீதி இங்க இருக்கு. நீங்க வேற இடத்தக் காட்டிருக்கீங்க" என்றார்கள். திட்டுவது மாதிரி சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்கள். "வேணியம்மா, இது கட்டாயம் இல்ல. இது ஒரு வழி, அவ்வளவுதான். வேண்டாம்னா நிறுத்திக்கிடலாம். உங்க தோளு. ஆனா எங்கிட்ட வேணும்னு சொல்லிட்டு அதுக்கு வேற இடத்தக் காட்டாதீங்க. நான் வெறும் சதையப் போட்டு அடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"கோவமா மேடம்?"

"கோவம் இல்ல." எழுந்து துண்டை மடித்தார்கள். மடித்ததையே திரும்ப மடித்தார்கள். "நீங்க நிக்கிறதப் பாத்திருக்கீங்களா? இன்னும் இடுப்ப இடது பக்கமாச் சாச்சுத்தான் நிக்கிறீங்க. அவ அங்க இருக்கிற மாதிரி. நான் உங்களத் திருத்தவே இல்ல. எனக்கும் மனசு வரல."

இன்றைக்கு மிஷின் வைக்கவில்லை. வந்துவிட்டேன்.

எண் போடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தறி லீவு. அவர் கன்னி மூலையில் பலகை அடித்தார். நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். மட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

சுத்தியலை வைத்துவிட்டு வாசல் பக்கம் போனார். கதவு திறந்துதான் இருந்தது. நான் தினமும் திறந்து வைப்பது அவருக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

"அக்கா சொல்லிச்சு. ஒனக்குக் கை மேல போகுதாம்" என்றார், திரும்பாமலே.

நூல் அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்டேன்.

"நான் ஒன்னிய ஒண்ணும் சொல்லல முப்புடாதி. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப ஏத்து. எனக்கு ஒரே ஒரு ரோசனைதான்." குனிந்து படியைப் பார்த்தார். "வாசல்ல நிக்கிதுன்னு அக்கா சொல்லுதால்லா. அவளுக்கு நிக்கத் தெரியாதே. ஒரு நாளும் நின்னது கெடையாதே அது. காலு பின்னிக்கிடும். எத்தன நேரமா நிக்கோ."

நான் தாரைப் போட்டுவிட்டு எழுந்தேன். எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தேன். வாசலில் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். படியில் ஒன்றும் இல்லை. வெயில் கிடந்தது. அவ்வளவு நாளாகப் பிள்ளை வாசலிலேயே இருக்கட்டும் என்று நான் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கால் வலிக்க நின்றிருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

நானே பஸ் ஏறிப் போனேன். அவரைக் கூப்பிடவில்லை.

மேடம் விரலை வைத்து "இங்கயா?" என்றார்கள்.

"இன்னும் மேல. எலும்புக்கு ஒட்டி. ஆங், அங்க."

வைத்தார்கள். முதல் அடியிலேயே கண்ணுக்குள் வெள்ளையாகிவிட்டது.

"வலிக்கி."

"குறைக்கட்டுமா?"

"கொஞ்சம். இப்ப சரி. வலிக்கி. தாங்கலாம். வைங்க."

டக் டக் டக். அந்தத் துவரம்பருப்பு உடைகிறதா என்று காதால் கேட்க முடியுமா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவள் தலை சாயும் இடம் அது. தாடை சரியாக அந்தக் குழியில்தான் வந்து உட்காரும். டாக்டர் தானாக வந்தது என்கிறார். இருக்கட்டும். தானாக வந்ததுதான் என்றாலும் அதன்மேல்தான் சாய்ந்திருந்தாள்.

"வலிக்கி மேடம். வலிக்கி. ஐயோ, வலிக்கி" என்று சத்தமாகச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் முட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்த தாத்தா, "யாரும்மா அது, பிரசவமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கும் வந்துவிட்டது. ரெண்டு பேரும் சிரித்தோம். மேடம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மிஷினை எடுக்கவில்லை.

ஏழு. இது நிஜமான ஏழு.

டிசம்பர் 24, புதன்

கடைசித் தடவை மிஷின். இனிமேல் தானாகக் கரைந்து வருமாம். ஒரேயடியாகப் போகாது, வாரக்கணக்கில் ஆகும், பயிற்சியை விடாதீங்க என்றார்கள். சுவரில் விரலால் ஏறவேண்டும், பல்லி மாதிரி. ஒவ்வொரு நாளும் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்கவேண்டும். வேணிக்கு இதையே மேடம் சொல்லிக்கொடுத்தார்கள். வேணியின் விரல் சுவரில் ஒரு நாளும் ஏறியதில்லை. என் கையை அவள் கைமேல் வைத்து நான்தான் ஏற்றுவேன்.

மேடத்துக்கு நாளைக்குக் கிறிஸ்துமஸ். கேக் கொடுத்தார்கள்.

ஆறு.

ஜனவரி 1, வியாழன்

ஐந்து. எல்லோரும் விடியவே வெடி போட்டார்கள். மீன் குழம்பு வைத்தேன். அவர் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜனவரி 6, செவ்வாய்

நாலு. பல்லி ஜன்னலின் மேல்சட்டம் வரை போய்விட்டது.

ஜனவரி 10, சனி

மூன்று.

எழுத மனமில்லை. ஆனால் மூன்றுதான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. மதினி வீட்டில் இருந்து தூக்குவாளியில் வந்தது. கொண்டுவந்தது மதினியேதான். அன்றைக்குச் சண்டை போட்டபிறகு இப்போதுதான் வருகிறாள். இருவரும் கொஞ்ச நேரம் வெல்லம் நன்றாக இருக்கிறது, அரிசி குழைந்துவிட்டது என்று பேசினோம்.

நான் கன்னி மூலையைப் பார்த்தேன். "அடுத்த வெள்ளி ஏத்திருவோம் மதினி."

மதினி சரி என்று தலையாட்டினாள். பிறகு, "நீ சொன்ன அந்த நீலப்பூச் சட்டையவே வையி" என்றாள்.

"உங்க துணி?"

"அதையும் வையி. எது வேணுமோ அவ எடுத்துக்கிடட்டும். சாமிக்குத் தெரியாதா?"

அவள் காதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தோடு போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன். "ஏ, போட்டி" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

வீடு மெழுகினேன். பெட்டிக்கு மஞ்சள் தடவினேன். ரெண்டு.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் தலைக்குக் குளித்தேன். ஜெசிந்தா மேடத்தையும் கூப்பிட்டிருந்தேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், வருவார்களோ மாட்டார்களோ என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வந்துவிட்டார்கள். கும்பிடவில்லை. ஓரமாகக் கையைக் கட்டி நின்றார்கள்.

பெட்டியில் அடியில் பட்டு, மேலே நீலப்பூச் சட்டை. கண்ணாடி, சீப்பு, வளையல். வளையலை மதினி அடுக்கினாள். மூடி போட்டு மஞ்சள் கயிற்றால் கட்டினோம். பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, சாம்பிராணி போட்டார் அவர். புகையில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

"ஏத்துட்டி" என்றாள் மதினி.

குனிந்து எடுத்தேன். எடை இருக்கும் என்று நினைத்து உடம்பைக் கூட்டிக்கொண்டு எடுத்துவிட்டேன்போல. ஒன்றுமே இல்லை. காற்று மாதிரி வந்துவிட்டது. பெட்டி தானாக என் இடது இடுப்பில் வந்து உட்கார்ந்தது. இடது கை அதைச் சுற்றிக்கொண்டது. இடுப்பு சாய்ந்தது. நான் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. அப்படியே நின்றேன். ஆடிக்கொண்டு நின்றிருக்கிறேன், தூங்க வைப்பதுபோல. எனக்குத் தெரியவில்லை.

"நேரம் போகுதுட்டி. ராகுகாலம் வந்துரும்" என்றாள் மதினி.

"இருக்கட்டும்க்கா" என்றார் அவர். "கொஞ்சம் வச்சிருக்கட்டும்."

தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் நானே பெட்டியை ரெண்டு கையாலும் பிடித்தேன். மார்புக்கு வந்தது. முகத்துக்கு வந்தது. கை காதைத் தாண்டிப் போனது. கால் விரலில் எக்கிப் பலகையில் வைத்தேன். உள்ளே தள்ளினேன். வைத்துவிட்டேன். கையை எடுக்கத்தான் நேரமானது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைத் தொடவில்லை. எடுத்துவிட்டேன்.

"வலிக்குதாட்டி?" என்றாள் மதினி.

"இல்ல மதினி, வலிக்கல" என்றேன். நிஜமாகவே வலிக்கவில்லை. எங்கேயும் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் என்னால் வாயை மூட முடியவில்லை.